மீன் ஏற்றும் வண்டிக்கு சேசிஸ் வேண்டும்

மஹிந்திரா குழுமத் தலைவர் திரு. ஆனந்த் மஹிந்திரா அவர்களுக்கு,

இலங்கையின் புத்தளம் மாவட்டத்தில், கடலுக்கும் முந்தல் களப்புக்கும் நடுவே கிடக்கும் உடப்பிலிருந்து எழுதுகிறேன். கரைவலை இழுத்துப் பிழைக்கும் ஊர் இது. எங்கள் மீனும் கருவாடும் லொறியிலும் கெப்பிலும் ஏறித்தான் சந்தைக்குப் போகின்றன.

2025 ஆகஸ்ட் 15 அன்று மும்பையில் உங்கள் நிறுவனம் என்யூ-ஐக்யூ என்ற புதிய தளத்தையும் அதன்மேல் நான்கு மாதிரி வண்டிகளையும் காட்டியது. காரில் உள்ளதுபோல உடலே சட்டகம். அடியில் தனிச் சேசிஸ் இல்லை. 2027 முதல் விற்பனைக்கு வருமாம். நான்கில் ஒன்றான விஷன் எஸ்எக்ஸ்டி, சாமான் தட்டு வைத்த பிக்கப். அதை நினைத்துத்தான் இந்த மடல்.

கார்த் தளத்தின் நன்மை எனக்கும் தெரியும். எடை குறையும், எண்ணெய் மிஞ்சும், குலுக்கமும் குறைவு. லேண்ட் ரோவர்கூட 2016 ஜனவரியில் பழைய டிஃபெண்டரை நிறுத்திவிட்டு, தனிச் சேசிஸ் இல்லாத புதியதை 2019-இல் அறிமுகம் செய்தது. அது சேற்றிலும் மேட்டிலும் நன்றாகவே ஏறுகிறது. ஆனால் 1948 முதல் லேண்ட் ரோவரை நம்பியிருந்த விவசாயிக்கு இன்று புதிய டிஃபெண்டரின் விலை எட்டாது. மணலில் ஒரு நாள் ஓடிக் காட்டுவது வேறு, உப்பில் இருபது வருடம் உழைப்பது வேறு.

இங்கே ரெஜிபோம் பெட்டிகளில் ஐஸ் உருகி, மீன் தண்ணீரோடு தட்டின் இடுக்குகளில் இறங்கி, அடித்தகட்டில் சொட்டிக்கொண்டே இருக்கும். மேலே உவர்க்காற்று. சில வருடங்களில் கதவுக்குக் கீழே பெயின்ட் பொருமும். டிங்கரிங் பாஸ் சுத்தியலால் தட்டினால் கறள் அடுக்கடுக்காகக் கொட்டும். தனிச் சேசிஸ் வண்டியென்றால் அந்தத் துண்டை வெட்டியெடுத்து வேறு தகடு ஒட்டுவார். தட்டு முழுதும் போனால் போல்ட்டைக் கழற்றிப் புதுத் தட்டு வைப்பார். பாரம் தாங்குவது கீழேயுள்ள இரண்டு தடித்த இரும்புச் சட்டங்கள். கறள் அவற்றைத் தின்னவும் காலம் பிடிக்கும், தின்றாலும் ஒட்டிக்கொள்ளலாம். உடலே சட்டகமான வண்டியில் கதவடித் தகடு உக்கினால் வண்டியின் முதுகெலும்பே உக்கியதாகும். அங்கு போடும் உயர்வலு உருக்கு, காஸ் வெல்டிங் சூட்டில் தன் வலுவை இழந்துவிடும். எங்கள் கராஜ்களில் அதற்குரிய கருவிகள் இல்லை.

பழுதுபார்த்து ஓட்டுவது எங்களுக்கு விருப்பத் தேர்வும் அல்ல. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அத்தனை காலமும் பழைய வண்டிகளைத்தான் ஒட்டி ஒட்டி ஓட்டினோம்.

பாதுகாப்பைக் காரணம் காட்டுவீர்களானால், சேசிஸ்மேல் நிற்கும் உங்கள் ஸ்கார்பியோ-என் 2022-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரம் வாங்கியதே!

நகரத்துக்குப் போகும் உங்கள் தார் ஜீப்புக்குக் கார்த் தளம் போடுங்கள், எனக்கு மறுப்பில்லை. 1947-இல் வில்லிஸ் ஜீப் கோக்கத் தொடங்கிய நிறுவனம் பாரம் சுமக்கும் பிக்கப்புக்கு மட்டும் சேசிஸை விட்டுவைக்க வேண்டும். எஸ்எக்ஸ்டி வந்தாலும் பொலேரோ பிக்கப் அதே சட்டங்களோடு தொடருமா, அதன் உதிரிப்பாகங்கள் எத்தனை வருடத்துக்குக் கிடைக்கும் என்று வெளிப்படையாக அறிவியுங்கள். அடுத்த வண்டிக்குக் கடன் எடுக்குமுன் எங்கள் ஆட்களுக்கு அது தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
உடப்பிலிருந்து ஒரு வாசகர்