செக்ரோலில் பேர் இல்லாதவர்கள்



காலைப் பெரட்டுக்கு ஒருத்தி வராவிட்டால் அரை மணி நேரத்துக்குள் அது தெரிந்துவிடும். கங்காணி கேட்பார். கணக்கப்பிள்ளை கேட்பார். செக்ரோலில் அவள் பேருக்கு நேரே கோடு விழும். ஒரு மலையில் ஐம்பது பேர் நிரை பிடித்து நின்றாலும், நிற்காத அந்த ஒருத்தியைத் தோட்டம் கண்டுபிடித்துவிடும். ஏனென்றால் அங்கே குறைவது கொழுந்து.

அதே தோட்டத்தில், போன மழைக் காலத்தில், எங்கள் பணிய லயத்துத் தொங்கல் காம்பிராவில் ஓர் அம்மாயி மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தார். 38 வருஷம் இந்த மலைகளில் கூடை சுமந்தவர். மகன் கொழும்பில் ஒரு கடையில், மகள் குவைத்தில் வீட்டு வேலையில். ரிட்டயர் ஆனவர் என்பதால் செக்ரோலில் பேர் இல்லை. பேர் இல்லாதபடியால் அவரைக் காணாததும் யார் கணக்கிலும் விழவில்லை. நான்காம் நாள் காலை பீலிக்கரையில் ஒரு சின்னப் பிள்ளைதான், "மஞ்ச வாளி அம்மாயி ஏன் தண்ணிக்கு வரல?" என்று கேட்டது. போய்க் கதவைத் தள்ளினால், அடுப்பில் சாம்பல் ஆறிக் கிடக்கிறது. அம்மாயி கம்பளிக்குள் பினாத்திக் கொண்டிருக்கிறார்.

அந்த மூன்று நாளில் நான் அந்த இஸ்தோப்பு வழியாக நாலு தடவையாவது நடந்திருப்பேன். நான் கிளைக் கமிட்டியில் இருக்கிறவள். புதிதாகப் பேர் பதிந்த பிள்ளைகளிடம் சந்தாப் படிவத்தில் கையெழுத்து வாங்க ஒரு நாள் அந்த லயத்துக்கே போனேன். அம்மாயிக்குச் சந்தா இல்லை, ஆகவே அந்தக் கதவை நான் தட்டவில்லை. அப்படியானால் தொரையின் செக்ரோலுக்கும் எங்கள் சந்தாப் புத்தகத்துக்கும் என்ன வித்தியாசம்? அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மிச்சக் கதையையும் கேளுங்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வாகனம் கேட்டோம். ரிட்டயர் ஆனவர்களுக்கு நிர்வாகம் பொறுப்பில்லை என்று பதில் வந்தது. 38 வருஷம் எடுத்த கொழுந்துக்கு மட்டும் பொறுப்பாக இருந்தார்கள் போலும். 1990க்கு அடித்தோம். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசம், நல்ல சேவை, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் போனில் பேசிய பிள்ளை விலாசம் கேட்டது. வீட்டு இலக்கம் என்ன, தெரு என்ன? நம் லயத்துக்கு ஏது இலக்கம், ஏது தெரு? இன்றைக்கும் எத்தனையோ தோட்டங்களில் கடிதம் வந்தால் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். தொழிற்சாலைப் பெயரைச் சொல்லி, கோயிலைச் சொல்லி, எந்த முடக்கில் திரும்ப வேண்டும் என்று சொல்லி முடிக்கவே நேரம் போய்விட்டது. வண்டி வந்தும் லயம் வரைக்கும் பாதை இல்லை. கம்பளியில் கட்டி நாலு பேர் ரோட்டுக்குத் தூக்கி வந்தோம். நியூமோனியா. ஒன்பது நாள் வார்டில் இருந்தார். பிழைத்து வந்துவிட்டார். ஆனால் இப்போது பீலிக்கரை வரை நடக்க மூச்சு இல்லை.

நோயாளியைத் தோட்டம் விசாரிப்பது நேற்று வந்த பழக்கம் இல்லை. 1912ஆம் வருஷத்திலேயே வெள்ளைக்காரன் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென்று கட்டளைச் சட்டம் போட்டான். நம் பாட்டன் பூட்டன் மீது வந்த பாசமா அது? மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுப் பாதையில் நடந்து வந்த கூட்டத்தில், காலராவிலும் காய்ச்சலிலும் எத்தனை பேர் வழியிலேயே விழுந்தார்கள் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆள் செத்தால் தோட்டம் ஓடாது. அதற்காக வந்த அக்கறை அது. இன்றைய கம்பனிக்கும் அதே அக்கறைதான். வேலை செய்கிற கைக்குச் சளி பிடித்தால் கேட்பார்கள். கை ஓய்ந்துவிட்டால் கேள்வியும் ஓய்ந்துவிடும்.

வேலை செய்கிறவளையாவது ஒழுங்காக விசாரித்தார்களா? 2016 கூட்டு ஒப்பந்தம் ஞாபகம் இருக்கிறதா? அடிப்படைச் சம்பளம் 500 ரூபாய், வருகைக்கு 60 ரூபாய். அந்த 60 கிடைக்க 75 வீதம் வேலைக்கு வந்திருக்க வேண்டும். மாதத்தில் 25 நாள் வேலை கொடுத்து, காய்ச்சலில் ஒருத்தி ஏழு நாள் படுத்தாள் என்று வைத்துக் கொள்ளுங்கள். வந்தது 18 நாள், 72 வீதம். படுத்த ஏழு நாள் சம்பளமும் இல்லை, நடந்து வந்து வேலை செய்த 18 நாளுக்குரிய 1,080 ரூபாயும் இல்லை. நோயாளியைத் தோட்டம் நலம் விசாரித்த முறை இதுதான். ஒப்பந்தங்கள் மாறிவிட்டன, சம்பளம் கூடியிருக்கிறது, சரி. காய்ச்சலோடு மலைக்குப் போகிற பழக்கம் மாறியதா? "இன்னைக்கு நின்னா பேர் போயிடும்" என்று இரண்டு பெனடோலை விழுங்கிவிட்டு, மழைப் படங்கைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறவர்களை நேற்றும் பார்த்தேன். அவள் இருமிய காற்றைத்தான் நிரையில் பக்கத்தில் நின்றவளும் சுவாசித்தாள்.

இப்போது நம்முடைய ஆட்களிடம் வருகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

"விசாரிக்கப் போனா நமக்கும் தொத்திக்கும்" என்கிறார்கள். இந்தப் பேச்சு கொரோனாவில் நமக்குள் ஏறியது. 2020 மார்ச்சில் நாடே ஊரடங்கில் கிடந்தபோது நாம் மலையில் கொழுந்து எடுத்தோம். தோட்ட வேலைக்கு ஊரடங்கில் விலக்கு இருந்தது. அதே வருஷம் நவம்பரில் தீபாவளி வந்தபோது, கொழும்பில் வேலை செய்த நம் பிள்ளைகளை ஊருக்கு வர வேண்டாம் என்றார்கள். வந்த பிள்ளைகளை நாமே எப்படிப் பார்த்தோம்? எங்கள் லயத்தில் ஒரு வீட்டுக் கதவில் தனிமைப்படுத்தல் நோட்டீஸ் ஒட்டியதும், அந்த வீட்டுக்காரர் பீலிக்குப் போகக் கூடாது என்று சத்தம் போட்டவர் வெளியாள் யாருமில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிராவில் ஆறு பேர், லயத்துக்கே பொதுவாக ஒரு பீலி, பொதுக் கக்கூஸ். அதற்குள் 14 நாள் தனித்திரு என்றால் எங்கே போவான் மனுசன்? அந்த வீட்டுக்கு வாசலில் இரண்டு வாளி தண்ணீர் வைத்துவிட்டு வந்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

தள்ளி நின்று விசாரிக்க முடியும். வாயை மூக்கை மூடிக்கொண்டு இஸ்தோப்பில் நின்று கேட்கலாம். வந்து கையை சவர்க்காரம் போட்டுக் கழுவலாம். உங்களுக்கே இருமல் இருந்தால் வயசானவர் வீட்டுக்கும் கைப்பிள்ளை வீட்டுக்கும் போகாமல் வேறொருவரை அனுப்பலாம். நோய்க்குப் பயப்படுவது தப்பில்லை. பயத்தைச் சாக்காக வைத்துக் கதவைச் சாத்திக்கொள்வதுதான் தப்பு.

இன்னொரு வகை விசாரிப்பு இருக்கிறது, அதுவும் வேண்டாம். ஒரு நெஸ்டமோல்ட் பெட்டி, ஒரு பக்கட் லெமன் பப், கூடவே ஏழெட்டுப் பேர். காம்பிராவுக்குள் நெருக்கி உட்கார்ந்து, இதே காய்ச்சலில் எந்தெந்தத் தோட்டத்தில் யார் யார் செத்தார்கள் என்று விலாவாரியாகப் பேசிவிட்டு, நோயாளி வீட்டுச் சீனியிலேயே தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்புவது. அந்த வீட்டுக்கு அன்று தேவைப்பட்டது ஒரு வாளி தண்ணீர், ஒரு கட்டு விறகு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப ஒரு ஆள்.

கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கிற நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்து "எப்படிம்மா இருக்கீங்க?" என்று கேட்பீர்கள். "நான் நல்லாத்தான் இருக்கேன் சாமி, நீ சாப்பிட்டியா?" என்றுதான் பதில் வரும். அந்த அம்மாயியும் காய்ச்சல் தொடங்கிய அன்று மகனிடம் இதைத்தான் சொல்லியிருக்கிறார். உண்மையைச் சொன்னால் மகன் லீவு போட வேண்டும், கடையில் சம்பளம் வெட்டுவார்கள், பஸ் காசு போகும் என்று அவருக்குத் தெரியும். அடுத்த நாள் போனில் சார்ஜ் இல்லை. ஆகவே கேட்கிற கேள்வியை மாற்றுங்கள். இன்றைக்கு என்ன ஆக்கினீர்கள்? அடுப்புப் பற்ற வைத்தீர்களா? தண்ணீர் யார் கொண்டு வந்தது? இதற்கெல்லாம் பொய் சொல்வது கஷ்டம். பக்கத்துக் காம்பிரா நம்பரையும் ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வயசானவர்களுக்குச் சில நேரம் உடம்பு கொதிக்காது. சாப்பாட்டை ஒதுக்குவார்கள், ஆளை மாற்றிப் பேசுவார்கள், படுத்தே கிடப்பார்கள். "கிழவிக்கு வயசாச்சு, பினாத்துது" என்று விட்டுவிடுகிறோம். நோய் அப்படித்தான் உள்ளே வேலை செய்யும்.

இந்தக் காய்ச்சல்கள் சொல்லாமல் வருகிறவையும் இல்லை. நம் நாட்டில் இன்புளுவென்சா வருஷத்துக்கு இரண்டு தடவை ஏறும். ஏப்ரலிலிருந்து ஜூன் வரை ஒரு தடவை, நவம்பரில் தொடங்கி வருஷப் பிறப்பைத் தாண்டி ஒரு தடவை. மழை பெய்தால் பதுளைப் பக்கமோ இரத்தினபுரிப் பக்கமோ கேகாலைப் பக்கமோ டெங்குவும் எலிக்காய்ச்சலும் கூடவே வரும். கான் வெட்டுகிறவர்களும் சேற்றில் இறங்குகிறவர்களும் எலிக்காய்ச்சலைப் பற்றி பி.எச்.ஐ.யிடம் கேளுங்கள். முன்கூட்டியே போடுகிற மாத்திரை இருக்கிறது. காய்ச்சல் இரண்டு நாள் தாண்டினால் கொத்தமல்லித் தண்ணியோடு நிறுத்திவிடாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் பார்க்க வேண்டும். பெனடோலைத் தவிர அஸ்பிரின், இபுபுரோபன் போன்ற நோவு மாத்திரை எதையும் டொக்டர் சொல்லாமல் போடக்கூடாது. டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம். "விட்டுருச்சு" என்று மலைக்குக் கிளம்புகிறவர்களைப் பிடித்து நிறுத்துங்கள்.

எங்கள் கிளையில் இப்போது ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். 80 பக்கம், கடையில் வாங்கியது. லயம் லயமாக, காம்பிரா காம்பிராவாக எழுதியிருக்கிறோம். தனியாக இருக்கிற வயசாளிகள், கர்ப்பிணித் தாய்மார், கைப்பிள்ளைக்காரர், சீனி வருத்தக்காரர், மூச்சு இழுப்பு உள்ளவர்கள். அங்கத்தவரா இல்லையா, எந்தச் சங்கம், எந்தக் கட்சி என்று ஒரு கட்டமும் போடவில்லை. லயத்துக்கு இரண்டு பேர், பெரும்பாலும் ரிட்டயர் ஆனவர்களும் பெரிய பிள்ளைகளும். மழைக் காலத்தில் காலையும் மாலையும் ஒரு தடவை கதவடியில் நின்று குரல் கொடுப்பார்கள். பதில் வராத கதவைத் திறந்து பார்ப்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் சிங்களம் தெரிந்த ஒரு பிள்ளை கூடப் போகும். 1987லிருந்து தமிழும் அரச கரும மொழிதான். ஆனால் வார்டில் நோவு எங்கே என்று சிங்களத்தில் கேட்டால் அம்மாயி எந்தச் சட்டத்தைக் காட்டுவார்?

இதைத் தொடங்கியபோது எங்கள் கமிட்டியிலேயே எதிர்ப்பு வந்தது. "சங்கம் சம்பளம் பேசத்தான். வீடு வீடாப் போய் சளி விசாரிக்கிறது மாதர் சங்கத்து வேலை" என்றார் ஓர் அண்ணன். பெண்களிடம் தள்ளிவிட்டால் அது வேலை இல்லை என்று ஆகிவிடும் போல. இன்னொருவர் சொன்னது கொஞ்சம் யோசிக்க வேண்டியது. "நாமே எல்லாத்தையும் செஞ்சா நிர்வாகம் கையைக் கழுவிடும்" என்றார். உண்மைதான். டிஸ்பென்சரியில் மருந்து இல்லாவிட்டால் நாம் காசு சேர்த்து வாங்குவோம், வாகனம் தராவிட்டால் நாம் கம்பளியில் தூக்குவோம் என்று அவர்களுக்கும் தெரியும். நம் ஒற்றுமையையே அவர்கள் வரவு செலவில் மிச்சமாக எழுதிக்கொள்வார்கள்.

அதனால்தான் அந்தக் கொப்பியில் இன்னும் மூன்று கட்டம் போட்டிருக்கிறோம். எத்தனை மணிக்கு வாகனம் கேட்டோம், யாரிடம் கேட்டோம், என்ன பதில் வந்தது. டிஸ்பென்சரிக்குப் போன நாளில் ஆள் இருந்தாரா, மருந்து இருந்ததா என்பதையும் எழுதுகிறோம். வாய்ப் பேச்சாகச் சொன்னால் "அப்படி ஒன்றும் நடக்கவில்லையே" என்று தொரை சிரிப்பார். தேதியும் நேரமும் போட்டு வாசித்தபோது அவர் சிரிக்கவில்லை. ரிட்டயர் ஆனவர்களுக்கும் அவசரத்துக்கு வாகனம், லயங்களுக்கு இலக்கம், பணிய லயத்துக்கு வண்டி இறங்கப் பாதை என்று மூன்று கோரிக்கைகளை எழுத்தில் கொடுத்திருக்கிறோம். இலக்கத்தை மட்டும் நாங்களே பெயிண்டில் கதவுகளில் எழுதிவிட்டோம். 1990க்குச் சொல்ல இப்போது ஏதோ ஒன்று இருக்கிறது. பாதைக்கும் வாகனத்துக்கும் பதில் வரவில்லை.

ஆனால் ஒரு தோட்டத்துக் கொப்பியைக் கம்பனி ஒதுக்கிவிடலாம். அடுத்த மாவட்டக் கூட்டத்துக்கு ஒவ்வொரு கிளையும் ஒரு கொப்பியோடு வர வேண்டும் என்று கேட்கிறேன். முதல் பக்கத்தில் உங்கள் தோட்டத்தில் தனியாக இருக்கிற வயசாளிகளின் காம்பிராக்களை எழுதுங்கள். எத்தனை என்று கூட்டத்தில் கேட்பேன். தலைவர்களே, யாரிடமும் விசாரிக்காமல் உங்களுக்கு அது தெரியுமா?