பல்லுக்குப் பதில் திருகாணி! மலைக்காரர்கள் எத்தனை தடவை இறங்குவது?

கொடைக்கானல்:

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். சொல் மட்டுமா போகிறது? முறுக்கு போகிறது. கடலை மிட்டாய் போகிறது. நல்லி எலும்பும் போகிறது!

போன பல்லுக்கு வேறு பல் வைக்க 3 வழி உண்டு. கழற்றி மாட்டும் பல் செட் ஒன்று. பக்கத்துப் பற்களை ராவி, அவற்றைத் தூணாக வைத்துக் கட்டும் பல் இன்னொன்று. மூன்றாவதுதான் "இம்ப்ளாண்ட்". தாடை எலும்பில் டைட்டானியம் திருகாணியை இறக்கி, அதன் தலையில் பல்லை மாட்டுவது.

"ஒரே நாளில் பல்!" என்று ஊருக்கு ஊர் விளம்பர போர்டு தொங்குகிறது. ஒரு பல்லுக்குச் செலவு சில பத்தாயிரம். போர்டைப் பார்க்கிறவர் அந்தப் பணத்தைத்தான் கணக்குப் போடுகிறார். மலையில் இருப்பவர் போட வேண்டிய கணக்கு இன்னொன்று இருக்கிறது. அது பஸ் கணக்கு!

கொடைக்கானலிலும் பல் டாக்டர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் ஸ்கேன், நிபுணர் என்று வந்துவிட்டால், மதுரைக்கு இறங்குகிறவர்கள் அதிகம். மதுரை சுமார் 120 கிலோ மீட்டர். பழனி பக்கம் இறங்கினால் 64 கிலோ மீட்டர். மன்னவனூர்க்காரர் என்றால், கொடைக்கானல் வந்து சேரவே 30 கிலோ மீட்டருக்கு மேல். பூண்டுக்கு மண் அணைக்கிற நேரத்தில் ஒரு நாள் கூலி போனால் போனதுதான்.

ஒரு தடவை போனால் முடிகிற வேலையா இது? இல்லை.

முதலில் ஸ்கேன். எலும்பு எவ்வளவு தடிப்பு, கீழ்த்தாடையில் நரம்பு எங்கே ஓடுகிறது, மேல்தாடையில் சைனஸ் அறை எவ்வளவு பக்கம் என்று பார்க்க வேண்டும். அப்புறம் திருகாணி வைக்க ஒரு நாள். தையல் பார்க்க ஒரு நாள். அதன்பின் 3 முதல் 6 மாதம் சும்மா இருக்க வேண்டும். பிறகு அளவெடுக்க, பல் மாட்ட என்று மறுபடி நடை. ஐந்தாறு தடவை மலை இறங்கி ஏறத் தயாராக வேண்டும். திருகாணி வைத்த அன்றைக்கே, வாயில் பஞ்சோடு அந்த வளைவுகளில் பஸ் ஏற வேண்டுமா, இரவு கீழேயே தங்கலாமா என்பதையும் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

முயல் காலில் பிறந்த பல்!

எதற்கு இந்த 6 மாதம்? அதில்தான் விஷயமே இருக்கிறது.

1952-ம் ஆண்டு. சுவீடன் நாட்டு டாக்டர் பிரேனமார்க் எலும்பு எப்படி ஆறுகிறது என்று பார்க்க, முயலின் கால் எலும்பில் டைட்டானியக் கருவி ஒன்றை வைத்தார். வேலை முடிந்து எடுக்கப் பார்த்தால், வரவே இல்லை! எலும்பு அந்த உலோகத்தோடு ஒட்டி வளர்ந்துவிட்டது. 1965-ல் கோஸ்டா லார்சன் என்பவரின் தாடையில் திருகாணி வைத்துப் பல் கட்டினார். லார்சன் 2006-ல் இறந்தார். அதுவரை, 40 ஆண்டுகளுக்கு மேல், அந்தத் திருகாணிகள் அவர் வாயில் வேலை பார்த்தன.

எலும்பு இப்படி ஒட்டத்தான் மாதக்கணக்கு. நல்ல கெட்டி எலும்பு உள்ள சிலருக்கு அன்றே தற்காலிகப் பல் மாட்டுவது உண்டு, பொய் அல்ல. ஆனால் எல்லோர் தாடைக்கும் அது ஒத்து வராது. ஸ்கேன் பார்க்குமுன்பே "ஒரே நாள்" என்று அடித்துச் சொன்னால் யோசிக்க வேண்டும்.

எலும்புக்கு ஒரு குணம். மேலே பல் இல்லை என்றால் கரையத் தொடங்கிவிடும். முதல் ஆண்டிலேயே அதன் அகலம் பாதி வரை குறையக்கூடும். "அப்புறம் பாத்துக்கலாம்" என்று பத்து வருஷம் விட்டவருக்கு, எலும்புத் தூள் வைத்து மேடு கட்டும் வேலை தனியாக வரும். அதற்குத் தனிச் செலவு, தனி நடை.

குளிருக்கு இதமாக பீடி பிடிப்பவர்கள் கவனிக்க! புகை பிடிப்பவர் வாயில் திருகாணி ஒட்டாமல் போகும் ஆபத்து அதிகம். கட்டுக்குள் வராத சர்க்கரை நோயும் அப்படியே. எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரை, ஊசி எடுப்பவர்கள் அதை டாக்டரிடம் மறைக்கவே கூடாது.

வாணியம்பாடியில் நடந்தது

விலை குறைவு என்று ஓடுகிறவர்கள் வாணியம்பாடியை நினைத்துப் பார்க்க வேண்டும். திருப்பத்தூர் மாவட்டத்தின் அந்த ஊரில், ஒரு தனியார் பல் கிளினிக்குக்குப் போன 10 பேருக்கு 2023-ல் மூளையைத் தாக்கும் கிருமி நோய் வந்தது. 8 பேர் இறந்தார்கள்! மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் கிருமி அது. வாய் கழுவ வைத்திருந்த சலைன் பாட்டிலில் அதன் தடயம் இருந்ததாக, 2025-ல் வெளியான மருத்துவ ஆய்வு சொல்கிறது. சுத்தம் செய்யாத கருவியால் பாட்டிலைத் திறந்து, பஞ்சை அடைத்து, திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்களாம்.

அங்கே போனது இம்ப்ளாண்ட் வைக்க அல்ல. சாதாரண பல் வைத்தியத்துக்கு. இம்ப்ளாண்ட் என்பது எலும்பையே துளைக்கும் வேலை. கருவிகள் சீல் வைத்த உறையில் இருந்து வருகின்றனவா, சலைன் புது பாட்டிலா என்று கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபிக்க மாட்டார்.

செட் பல் மட்டமா?

இல்லவே இல்லை. பணமும் நாளும் இல்லாதவருக்கு செட் பல்லே போதும். கீழ் செட் மட்டும் ஆடி ஆடி உயிரை வாங்கினால், முன்பக்கம் 2 திருகாணி வைத்து அதில் செட்டைப் பொத்தான் போல மாட்டும் முறை இருக்கிறது. வாய் நிறைய திருகாணி வைப்பதைவிடச் செலவு குறைவு. இந்த யோசனையை டாக்டர் தானாகச் சொல்லாவிட்டால், கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

வைத்த பிறகும் வேலை இருக்கிறது. திருகாணிக்குச் சொத்தை வராது. ஆனால் சுற்றியுள்ள ஈறு அழுகும், எலும்பு கரையும். வலி தெரியாமலே கரையும். தினமும் துலக்குவதோடு, ஆண்டுக்கு ஒரு தடவையாவது டாக்டரிடம் காட்ட வேண்டும். அதுவும் பஸ் கணக்கில் சேரும்.

இன்னொன்று. திருகாணி வந்த டப்பாவில் கம்பெனி பெயர், அளவு, நம்பர் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி, ரேஷன் கார்டோடு வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷம் கழித்துப் பல் ஆடினால், வைத்த டாக்டர் ஊரில் இல்லாமல் போகலாம். கம்பெனிக்குக் கம்பெனி திருகாணியும் அதற்கான சாவியும் வேறு. அந்தச் சீட்டு கையில் இருந்தால், வத்தலக்குண்டிலோ பழனியிலோ வேறொரு டாக்டர் பார்த்து, எந்தச் சாவி என்று தேடி எடுப்பார்.