கோள்களுக்குப் பால் வகுத்தது யார்?

மூடநம்பிக்கை தனது பழைய ஆடையிலேயே வருமாயின் அதனை இனங்காண்பது எளிது. கற்றோரிடையே அது வேறு கோலம் பூண்டு வருகின்றது. செவ்வாய் ஏழாமிடத்தில் நிற்பதால் இல்வாழ்க்கை கெடும் எனக் கூறுஞ் சோதிடரை நகைத்து ஒதுக்கும் பட்டதாரி, செவ்வாய் என்பது நனவிலி மனத்தில் உறையும் ஆண்மை மூலப்படிவத்தின் குறியீடு எனக் கூறும் நூலைப் பயபக்தியோடு படிக்கின்றார். முதற் கூற்றின் பின்னால் ஏட்டுச் சுவடி நிற்கின்றது; இரண்டாவதன் பின்னாற் கார்ல் குஸ்தாவ் யுங்கின் பெயர் நிற்கின்றது. பெரியதொரு பெயர் பின்னால் நிற்பதனால் மட்டும் பிழை உண்மையாகிவிடுமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

யுங் (1875–1961) சுவிற்சர்லாந்து நாட்டு உளமருத்துவர். தனிமனிதனின் நனவிலிக்கும் அடியிலே மனிதகுலம் முழுமைக்கும் பொதுவான கூட்டு நனவிலி ஒன்று உண்டென்றும், அதிலே வழிவழி வரும் மூலப்படிவங்கள் உறைகின்றனவென்றும், கனவும் புராணமும் சமயக் குறியீடும் அவற்றினின்றே தோன்றுகின்றனவென்றும் அவர் கொண்டார். மூலப்படிவம் என்ற சொல்லை அவர் 1919 முதல் ஆண்டார். ஆணின் உள்ளத்திலே 'அனிமா' என்னும் பெண்மைப் படிவமும், பெண்ணின் உள்ளத்திலே 'அனிமஸ்' என்னும் ஆண்மைப் படிவமும் உண்டென்பது இக்கோட்பாட்டின் முக்கியமான கூறு. 1951 இல் வெளிவந்த 'அயோன்' என்ற நூலிலே, அனிமஸை அறிவாகிய 'லோகோஸ்' உடனும், அனிமாவைப் பிணைப்பாகிய 'எரோஸ்' உடனும் அவர் பொருத்தினார். சுருங்கக் கூறின், பகுத்தறிதல் ஆண்மை. இணைந்து நிற்றல் பெண்மை.

சோதிடத்தோடு அவருக்கிருந்த தொடர்பு பொழுதுபோக்கு அன்று. 1911 இலேயே, தாம் மாலை வேளைகளிற் சாதகங்களைக் கணித்து அவற்றில் உளவியல் உண்மையைத் தேடுவதாகப் பிராய்டுக்கு அவர் கடிதம் எழுதினார். இராசி மண்டலம் கூட்டு நனவிலி வானத்திலே எறிந்த நிழல் என்பது பின்னர் அவர் கொண்ட கருத்து. இவ்வித்தை மற்றவர்கள் மரமாக்கினர். டேன் ருட்யார் 1936 இல் வெளியிட்ட 'ஆளுமையின் சோதிடம்' என்ற நூலிலே பழைய பலன் கூறும் சோதிடத்தை யுங்கின் சொற்களால் மாற்றியெழுதினார். லிஸ் கிரீன் 1976 இல் சனிக்கோளைப் பற்றி எழுதிய நூலின் பின்னர் உளவியற் சோதிடம் மேலைநாடுகளிற் பெருவழக்காயிற்று. ஞாயிறும் செவ்வாயும் ஒருவரின் 'ஆண்மைத் தத்துவம்' எனவும், திங்களும் வெள்ளியும் 'பெண்மைத் தத்துவம்' எனவும் கூறும் நூல்கள் பெருகின.

யுங்கின் கோட்பாட்டிலே நன்மை எதுவும் இல்லை என்று கூறுவது நேர்மையாகாது. ஆண் முற்றிலும் ஆண், பெண் முற்றிலும் பெண் என்று ஐரோப்பியச் சமூகம் இறுக்கமாக நம்பிய காலத்திலே, ஒவ்வொருவர் உள்ளத்திலும் மறுபாலின் கூறு உண்டென அவர் கூறினார். கண்ணீரை அடக்கியே வளர்க்கப்பட்ட ஆண்கள் பலருக்கு அது ஆறுதலாக இருந்தது. ஆயின் சுவரின் இருபுறத்தாரும் இடையிடையே கடந்து செல்லலாம் என்று கூறுபவர் சுவரை இடித்தவராக மாட்டார். அன்பு பெண்மை, அறிவு ஆண்மை என்ற சுவர் அவரிடத்தும் அசையாமலே நின்றது. அது நிற்பதனால் நேரும் விளைவு யாது என்பதையும் அவரே எழுதிவைத்தார்.

ஐரோப்பியப் பெண் பற்றி 1927 இல் எழுதிய கட்டுரையிலே, ஆண்களுக்குரிய தொழிலை மேற்கொண்டு ஆணைப்போலக் கற்று உழைக்கும் பெண் தனது பெண்ணியல்புக்குப் பொருந்தாத, அதற்கு ஊறு செய்யவுங்கூடிய காரியத்தைச் செய்கிறாள் என்னும் கருத்தை அவர் முன்வைத்தார். பெண் ஒருத்தி உறுதியாக வாதிடுவாளாயின், பேசுவது அவளல்ல, அவளைப் பிடித்தாட்டும் அனிமஸே என்பது அவர் கொள்கையிலிருந்து பெறப்படும் முடிபு. இது எத்துணை வசதியான கருவி என்பதைச் சிந்திக்க வேண்டும். ஆண் வாதிட்டால் அவனது வாதத்துக்கு விடை கூறவேண்டும். பெண் வாதிட்டால் அவளது உள்ளத்துக்கு மருத்துவம் பார்த்தாற் போதும். பெண்ணின் கூற்று விவாதத்துக்குரிய கருத்து என்ற நிலையிலிருந்து நோயின் அறிகுறி என்ற நிலைக்குத் தாழ்ந்துவிடுகின்றது. இத்தனைக்கும், 1905 முதல் 1913 வரை யுங் விரிவுரையாற்றிய சூரிச் பல்கலைக்கழகம் 1867 இலேயே நடேஷ்டா சுஸ்லோவா என்ற பெண்ணுக்கு மருத்துவக் கலாநிதிப் பட்டம் வழங்கியிருந்தது. கண்முன்னே நின்ற சான்றைக் கோட்பாடு காண மறுத்தது. அந்நாட்டுப் பெண்களோ கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையை 1971 இலேதான் பெற்றனர். இலங்கைப் பெண்கள் அவ்வுரிமையை 1931 இலே பெற்றுவிட்டனர். பெண்ணியல்பு என்றுமுள்ள மூலப்படிவமாயின், அது நாட்டுக்கு நாடு நாற்பதாண்டு முன்பின்னாக மாறியது எவ்வாறு?

இவ்விடத்திலேதான் வானம் துணைக்கு அழைக்கப்படுகின்றது. சமூக வழக்கு மாறலாம், கோள்களின் பால் மாறாது. எக்காலத்து எம்மக்களும் ஞாயிற்றை ஆணாகவும் திங்களைப் பெண்ணாகவும் கண்டனர். எனவே ஆண்மையும் பெண்மையும் மனித உள்ளத்தின் அடித்தளத்தில் உள்ளவை என்பர். இவ்வாதத்தின் முதற் பகுதியே உண்மையன்று. யுங்கின் தாய்மொழியாகிய ஜேர்மன் மொழியில் ஞாயிறு பெண்பால், திங்கள் ஆண்பால். அதே சுவிற்சர்லாந்திற் பிரெஞ்சு பேசுவோருக்கு ஞாயிறு ஆண்பால், திங்கள் பெண்பால். சோதிடம் பிறந்த மெசொப்பொத்தேமியாவிலே திங்கட் கடவுளாகிய சின் ஆண். அங்கு வெள்ளிக்கோளுக்குரிய இஷ்தார், காதலுக்கு மட்டுமன்றிப் போருக்கும் தெய்வம். யப்பானியரின் ஞாயிற்றுத் தெய்வமாகிய அமதெரசு பெண். பண்டை எகிப்தியருக்கு வானம் நூத் என்னும் பெண். நிலம் கெப் என்னும் ஆண். நமது புராணத்திலே சந்திரன் நட்சத்திர மகளிர் இருபத்தெழுவரின் கணவன். நமது சோதிடத்திலே அவனே பெண் கோள். தொல்காப்பியக் கிளவியாக்கமோ ஞாயிறு, திங்கள் முதலிய சொற்களை உயர்திணைப் பொருளில் வரினும் ஆண் பெண் எனப் பிரித்துக் கூறப்படாதனவாக வகுத்துவிட்டது. இத்தனை மக்களின் கூட்டு நனவிலியும் ஒன்றாயின், அது ஏன் இத்தனை வாயால் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசுகின்றது?

சோதிட நூல்களுக்குள்ளேனும் ஒற்றுமை உண்டா? தொலமி தமது நூலிற் சனியை ஆண் கோள் என்றார். புதனை இருபாற் பொது என்றார். வராகமிகிரரின் பிருகச்சாதகம் சனியையும் புதனையும் அலிக் கோள்கள் என்றது. இராசிகளின் பாலோ இன்னும் வியப்புக்குரியது. மேடம் ஆண், இடபம் பெண், மிதுனம் ஆண், கடகம் பெண் என ஒன்றுவிட்டு ஒன்றாகப் பால் வகுக்கப்பட்டுள்ளது. இடபம் என்பது எருது. எருதைப் பெண் என்று வகுத்தது எந்த மூலப்படிவத்தின் ஏவலால்? அது இரண்டாவதாக நிற்பதே காரணம். ஒற்றை எண் ஆண், இரட்டை எண் பெண் என்பது பைதகோரசு வழிவந்தோரின் கொள்கை. அவர்கள் வகுத்த எதிர்நிலைப் பட்டியலை அரிஸ்டோட்டில் தந்துள்ளார். அதில் ஒற்றை, வலம், ஆண், ஒளி, நன்மை ஆகியன ஒருபுறமும், இரட்டை, இடம், பெண், இருள், தீமை ஆகியன மறுபுறமும் நிற்கின்றன. ஆணுக்கு ஒளியையும் பெண்ணுக்கு இருளையும் பங்கிட்ட பட்டியலிலே எண்கள் எந்தப் பக்கத்தில் நின்றனவோ, அந்தப் பக்கத்துப் பாலே இராசிகளுக்கும் சூட்டப்பட்டது எனக் கொள்வதே பொருத்தமாகும். இதில் உள்ளத்தின் ஆழம் எதுவும் இல்லை. எண்ணும் பழக்கமும் ஆணாதிக்கச் சமூகத்தின் மதிப்பீடுமே உள்ளன.

மேலைச் சோதிடர் இராசி வட்டத்தை இளவேனிற் சமவிரவுப் புள்ளியிலிருந்து கணிப்பர். இது சாயன முறை. நம்மவர் நட்சத்திரங்களை நிலைக்களமாகக் கொண்டு கணிப்பர். இது நிராயண முறை. இரண்டுக்குமிடையே இன்று ஏறத்தாழ 24 பாகை வேறுபாடு உண்டு. ஓர் இராசிக்கு 30 பாகை. ஆகவே இன்று பிறப்போரில் ஐவருள் நால்வருக்கு, மேலை முறையிலே ஞாயிறு நிற்கும் இராசி, நமது முறையில் அதற்கு முந்திய இராசியாகிவிடும். இராசிகள் ஆண், பெண் என மாறிமாறி வருவதால் அந்நால்வரின் பாலும் புரண்டுவிடும். யுங்கையே எடுத்துக்கொள்வோம். அவர் பிறந்தது 1875 ஆம் ஆண்டு யூலை 26 ஆம் நாள். மேலை முறைப்படி ஞாயிறு சிங்கத்தில் நின்றது. அது ஆண் இராசி. நமது கணிப்பின்படி அது ஆடி மாதம். ஞாயிறு கடகத்தில் நின்றது. அது பெண் இராசி. சூரிச்சில் ஆண்மைத் தத்துவம் மேலோங்கியவர் யாழ்ப்பாணத்திற் பெண்மைத் தத்துவம் மேலோங்கியவராகிறார். மாறியது மனிதரல்லர், பஞ்சாங்கமே.

இவற்றுக்கெல்லாம் யுங்கின் வழிவந்தோரிடத்து ஒரு விடை உண்டு. மூலப்படிவம் வெற்று வடிவமே, உள்ளடக்கம் பண்பாட்டுக்குப் பண்பாடு வேறுபடும் என்பர். யுங்கும் தமது பிற்காலத்தில் மூலப்படிவத்தையும் அதன் உருவத்தையும் வேறுபடுத்தினார். இவ்விடை இருதலைக் கொள்ளி. உள்ளடக்கம் அற்றதாயின், அறிவு ஆண்மைக்குரியது என்று கூற அதற்கு உரிமையில்லை. அவ்வாறு கூறுமாயின் அதற்கு உள்ளடக்கம் உண்டு. வரலாறு அதனைப் பொய்ப்பிக்கின்றது. மேலும், இராசி மண்டலம் மனிதர் வானத்தில் எறிந்த நிழலாயின், அந்நிழலையே மனித இயல்புக்குச் சான்றாக எடுத்துக்காட்டுவது, தானே எழுதிய கடிதத்தைத் தனக்கு வந்த நற்சான்றிதழாகக் காட்டுவதற்கு ஒப்பாகும்.

யுங் சோதனையும் செய்தார். மணமான 483 இணையரின் சாதகங்களை 180, 220, 83 என மூன்று பிரிவாக ஆராய்ந்து, அதன் முடிவை 1952 இல் இயற்பியலாளர் பவுலியோடு இணைந்து வெளியிட்ட நூலிற் சேர்த்தார். முதற் பிரிவில் மணமகனின் ஞாயிறும் மணமகளின் திங்களும் கூடுதல் முன்னின்றது. இரண்டாவதில் இருவரின் திங்களும் கூடுதல் முன்னின்றது. மூன்றாவதில் முன்னின்றது திங்களும் இலக்கினமும் கூடுதல். தொகை பெருகியபோது விளைவு தற்செயலின் அளவுக்கு இறங்கியதை அவரே ஒப்புக்கொண்டார். ஆராய்ச்சியாளர் வழக்கமாக இவ்விடத்திற் கருதுகோளைக் கைவிடுவர். யுங்கோ, தொடக்கத்திற் கிடைத்த சாதகமான முடிவுகளையே ஆய்வாளரின் உளநிலையோடு பொருந்திய 'ஒருங்குநிகழ்வு' என விளக்கினார். பலித்தாலும் உண்மை, பலிக்காவிடினும் உண்மை என்னுங் கோட்பாடு எதனையும் விளக்குவதில்லை. 1985 இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஷோன் கார்ல்சனின் சோதனையிலே, ஒருவரின் சாதகத்துக்குரிய ஆளுமை விவரத்தை மூன்றிலிருந்து தெரிவு செய்யுமாறு சோதிடர்கள் கேட்கப்பட்டனர். அவர்கள் சரியாகத் தெரிந்தது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் அவ்வளவு கிடைக்கும்.

இது ஐரோப்பியரின் விவகாரம், நமக்கென்ன என்று இருக்க முடியாது. யுங் சோதித்தது மணவாழ்க்கைக்குரிய சாதகங்களை. நமது வீடுகளில் அச்சோதனை நாள்தோறும் நடைபெறுகின்றது. இலக்கினத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆம் இடங்களிற் செவ்வாய் நின்றாற் குற்றம் என்பர். பன்னிரண்டில் ஐந்து இடங்கள்! விதிவிலக்குகளை நீக்கிப் பார்த்தால், நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் குற்றமுள்ளவராவர். நூலின்படி இவ்விதி இருபாலார்க்கும் பொது. நடைமுறையிலோ வயது ஏற ஏறக் காத்திருப்பவளும், கூடுதற் சீதனம் கேட்கப்படுபவளும் பெரும்பாலும் பெண்ணே. இதனைக் கண்டிக்க வேண்டிய கற்றோர், செவ்வாய் அவளது 'அடங்காத அனிமஸ்' என்று விளக்கம் கூறத் தொடங்கின், சோதிடர் கையிலிருந்த பூட்டுக்கு உளவியலின் பெயரால் இன்னொரு பூட்டுச் சேர்கின்றது. முன்னர் குற்றம் அவளது சாதகத்தில் இருந்தது. இனி அவளது உள்ளத்திலேயே இருக்கும். சாதகத்துக்காயினும் பரிகாரம் உண்டு. உள்ளத்துக்குக் குற்றஞ் சாட்டப்பட்டவள் எந்தக் கோயிலுக்குச் செல்வாள்?

ஆணுக்கும் இதனால் நன்மை இல்லை. ஆண்மை என்றால் அரசனும் வீரனும் என்று 1990 களில் மேலைநாட்டிற் பெருகிய நூல்கள், வேலையிழந்து அல்லது துணையிழந்து துயருறும் ஆணுக்கு அவனது துயரின் சமூகக் காரணத்தைக் காட்டவில்லை. அவனுள் உறங்கும் செவ்வாயை எழுப்புமாறே அவை கூறின. மாற்றக்கூடிய நிலைமை இவ்வாறு மாற்றமுடியாத இயல்பாகச் சித்திரிக்கப்படுகின்றது. பழைய சோதிடர் விதி என்றதையே புதியவர் மூலப்படிவம் என்கின்றனர்.

யுங்கைப் படிக்கக் கூடாது என்பது நமது கருத்தன்று. கனவையும் புராணத்தையும் ஆராய விழைவோர் அவரைப் படித்தே ஆகவேண்டும். ஆயின் 'என்றுமுள்ளது' என்று அவர் கூறும் ஒவ்வோரிடத்தும், எங்கே, எப்பொழுது, யாருக்கு நன்மையாக என்று கேட்டுப் படித்தல் வேண்டும். கோள்களுக்குப் பால் வகுத்தவர்கள் மனிதர்கள்; அவர்களுட் பெரும்பாலோர் ஆண்கள். அவர்கள் வகுத்ததை மீட்டும் வகுக்கும் உரிமை நம் அனைவருக்கும் உண்டு. அவ்வுரிமையை வானத்திடம் ஒப்படைப்பது பல்கலைக்கழகம் புகுந்தோர் செய்யத்தக்க செயலன்று.