அச்சுச் செலவு யார் தலையில்?

சென்னை யானைக்கவுனியில் மொத்த விற்பனைக் கடைகள் ஷட்டரை இறக்கும் நேரத்தில் ஜெராக்ஸ் கடைகளில் கூட்டம் சேரும். பில் போடும் பெண்கள், கணக்கு எழுதும் இளைஞர்கள், ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் ஷிப்ட் முடித்து வருபவர்கள். ‘கரஸ்’ எனப்படும் அஞ்சல்வழிக் கல்வியில் பட்டம் படிப்பவர்கள் இவர்கள். செல்போனுக்கு வந்த பாடத்தைக் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டு, “மொத்தமும் எடுத்தா எவ்ளோ ஆகும்ணா?” என்று கேட்கிறார் ஒரு பெண். “இருநூத்தி நாப்பது பக்கம் இருக்கும்மா. பைண்டிங் தனி.” சற்று யோசித்து, “அப்ப முதல் ரெண்டு யூனிட் மட்டும் போடுங்க” என்கிறார். மீதி யூனிட்டுகளைத் தேர்வு வரை செல்போனில்தான் படித்தாக வேண்டும்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1981இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது. கல்லூரி வாசலை மிதிக்க வழியில்லாதவர்களுக்குப் பாடப் புத்தகமே வகுப்பறையாகவும் ஆசிரியராகவும் இருந்தது. இன்று பல படிப்புகளில் அந்தப் புத்தகத்தின் இடத்தில் ஒரு பி.டி.எஃப். வருகிறது. புத்தகம் அச்சிடும் செலவு குறைந்ததாக நிறுவனங்கள் கணக்குக் காட்டலாம். உண்மையில் அந்தச் செலவு குறையவில்லை; மாணவரின் தலைக்கு மாறியிருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பக்கத்துக்கு ஒரு ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். 240 பக்கம் வீதம் ஐந்து தாள்களுக்கு ஒரு பருவத்துக்கு 1,200 ரூபாய். ஆறு பருவங்களில் 7,200 ரூபாய். பைண்டிங் இதில் சேரவில்லை. லட்சம் பிரதிகளை ஒரே மூச்சில் அச்சிடும் நிறுவனத்துக்கு ஆகும் செலவைவிட, ஒற்றைப் பிரதி எடுக்கும் மாணவருக்குப் பக்கத்துக்கு ஆகும் செலவு பல மடங்கு அதிகம். இருப்பவர்களில் ஏழையிடம் அதிக விலை வாங்கும் ஏற்பாடு இது.

செல்போனிலேயே படித்தால் என்ன என்று கேட்பவர்கள், ஒரு பேரேட்டுக் கணக்கை ஆறு அங்குலத் திரையில் திறந்து பார்க்கட்டும். இடப்பக்கம் பற்று தெரிந்தால் வலப்பக்கம் வரவு தெரியாது. பெரிதாக்கினால் தலைப்பு ஓடிவிடும்; சிறிதாக்கினால் எண்கள் எறும்பாகிவிடும். காகிதத்தில் படிப்பவர்களுக்குப் பாடம் கூடுதலாகப் புரிகிறது என்பதை 54 ஆய்வுகளை, 1,70,000க்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு உறுதி செய்தது. அவசர அவசரமாகப் படிக்கும்போது இந்த வேறுபாடு இன்னும் கூடுகிறது என்றும் அது சொல்கிறது. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே கிடைக்கும் அரை மணி நேரத்தில் படிப்பவர்களைவிட அவசரத்தில் படிப்பவர் யார்?

பாடத்திட்டம் மாறினால் அச்சிட்ட புத்தகங்கள் கிடங்கில் வீணாகும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. எல்லோருக்கும் அச்சிட்டு அடுக்கச் சொல்லவில்லை. கேட்பவருக்கு, கேட்கும்போது அச்சிட்டுத் தரலாம். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், மின்வடிவப் பாடமே போதும் என்று எழுதிக் கொடுத்தவர்களுக்குக் கட்டணத்தில் 15 சதவீதம் தள்ளுபடி தரும் முறையைக் கொண்டுவந்தது. புத்தகம் தராவிட்டால் அதன் விலையை மாணவருக்கே திருப்பித் தர வேண்டும் என்ற நேர்மை அதில் இருக்கிறது. தமிழ்நாட்டில் தொலைநிலைக் கல்வி நடத்தும் எல்லா நிறுவனங்களுக்கும் இது விதியாக வேண்டும்.

வசதிக்கும் இங்கே குறைவில்லை. 1970 முதல் அரசுக்கெனப் பாடநூல் கழகம் இருக்கிறது. கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யும் அரசு ஆலை கரூர் காகிதபுரத்தில் இருக்கிறது. யானைக்கவுனியிலிருந்து கூப்பிடு தூரத்தில், தங்கசாலையில் அரசு அச்சகம் இருக்கிறது. அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை புத்தகத்தை இலவசமாகக் கொடுத்த அரசு, அதே பிள்ளை வேலைக்குப் போய்க்கொண்டு மேலே படிக்கும்போது மட்டும் கையை விரிக்கலாமா?

வீட்டுவரியோடு நூலக வரியும் நாம் கட்டுகிறோம். அந்தப் பணத்தில் நடக்கும் கிளை நூலகங்களில் ஒரு பிரிண்டர் வைத்து, மாணவர் அட்டையைக் காட்டுபவர்களுக்கு அடக்க விலையில் பாடங்களை அச்சிட்டுத் தரலாம். கொளத்தூரில் 2024இல் திறக்கப்பட்ட, படிப்பகமும் பணியிடமும் சேர்ந்த முதல்வர் படைப்பகம் போன்ற இடங்களிலிருந்தே தொடங்கலாம். பாடத்தைத் தயாரிப்பவர்களும் கொஞ்சம் மனம் வைக்க வேண்டும். வண்ணப் பின்னணியும் பாதிப் பக்க வெற்றிடமும் கொண்ட பக்கங்கள் மாணவரின் காசைத் தின்கின்றன. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தாக, இருபுறமும் அச்சிட ஏற்ற தனிக் கோப்பு ஒன்றைத் தருவது பெரிய வேலையல்ல. சொந்தப் படிப்புக்கு நகலெடுக்க அனுமதி உண்டு என்ற ஒரு வரியையும் முதல் பக்கத்திலேயே போட்டுவிட்டால் ஜெராக்ஸ் கடைக்காரருக்கும் பயமிருக்காது.

சேர்க்கை விண்ணப்பத்திலேயே புத்தகமா, மின்வடிவமா என்று கேளுங்கள். புத்தகம் கேட்டவருக்கு வகுப்பு தொடங்குமுன் கையில் கொடுங்கள். வேண்டாம் என்றவருக்குப் பணத்தைக் குறையுங்கள். வரும் சேர்க்கையிலேயே இதை நடைமுறைப்படுத்த உயர்கல்வித் துறை உத்தரவிட வேண்டும். பாடத்துக்கும் சேர்த்துத்தான் மாணவர் கட்டணம் கட்டியிருக்கிறார். அதைப் படிக்கக்கூடிய வடிவில் தருவது நிறுவனத்தின் கடமை.