ஊதியக் கணக்கில் பிழை: மிகையைத் தேடும் கண் குறையைக் காண்பதில்லை

பஞ்சாப் அரசுக்கும் ரஃபீக் மசீஹ் என்பவருக்கும் இடையிலான வழக்கைச் சட்ட அறிக்கைகளில் தேடுவோர், அவர் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'வெள்ளையடிப்பவர்' என்று அச்சாகியிருப்பதைக் காணலாம். நீதிபதிகளும் அமைச்சர்களும் வழக்காடும்போது அவர்களுடைய தொழிலை இப்படி ஒட்டவைப்பதில்லை. ஆயினும் அந்த வெள்ளையடிப்பவரின் பெயரால் அமைந்த தீர்ப்புதான், இந்நாட்டின் கடைநிலை ஊழியருக்கு இன்றுவரை பெரும் பாதுகாப்பாக நிற்கிறது.

ஊதிய உயர்வைக் கணக்கிடுவதில் அலுவலகம் தவறிழைக்கிறது. ஊழியர் எதையும் மறைக்கவில்லை. பொய்ச் சான்று எதுவும் கொடுக்கவில்லை. ஆண்டுகள் கழித்துத் தணிக்கைத் தடை எழுகிறது. "உமக்குக் கூடுதலாகக் கொடுத்துவிட்டோம், திருப்பிக் கொடும்" என்று ஆணை வருகிறது. 2014 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் முடிவுசெய்த வழக்குகள் யாவும் இத்தகையவையே. மூன்றாம், நான்காம் நிலை ஊழியரிடமிருந்து பிடித்தம் கூடாது; ஓய்வு பெற்றவரிடமிருந்தும் ஓராண்டுக்குள் ஓய்வு பெறவிருப்பவரிடமிருந்தும் கூடாது; ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கொடுத்துவந்ததைப் பிடிக்கக் கூடாது; உயர்பதவியின் வேலையைச் செய்யவைத்து அதற்குரிய ஊதியம் கொடுத்திருந்தால் அதையும் பிடிக்கக் கூடாது. பிடித்தம் கொடுமையாக அமையும் பிற நிகழ்வுகளுக்கும் நீதிமன்றம் இடம் வைத்தது. இத்தீர்ப்பை ஒட்டி மத்தியப் பணியாளர் துறை 2016 மார்ச் 2 அன்று அலுவலகக் குறிப்பாணையும் வெளியிட்டது.

கடைநிலை ஊழியர் தாம் வாங்குவது முழுவதையும் குடும்பத்தைக் காப்பதிலேயே செலவிட்டுவிடுகிறார், திருப்பிக் கொடுக்க அவரிடம் ஒன்றும் மிஞ்சியிராது என்பதே இதன் அடிப்படைக் காரணம். அந்தக் கடைநிலையில் இருப்போர் யார் என்பதைத் தீர்ப்பு பேசவில்லை. நாம் பேசியாக வேண்டும். தூய்மைப் பணியிலும் அலுவலகங்களின் அடிமட்ட வேலைகளிலும் தலித் மக்கள் தம் மக்கள்தொகை விகிதத்துக்கு மிஞ்சிக் குவிக்கப்பட்டிருப்பது யாவரும் அறிந்தது. பணிப்பதிவேட்டில் எழுதும் கை ஒருவருடையது, அந்த எழுத்தை நம்பி வாழும் குடும்பம் வேறொருவருடையது என்னும் நிலையில், கணக்குப் பிழை வெறும் கணக்குப் பிழையாக நின்றுவிடுவதில்லை.

இதுவரை சொன்னது மிகையாகக் கொடுத்த கதை. குறைவாகக் கொடுத்தால்?

அரசுப் பணம் கூடுதலாக வெளியேறியதா என்று பார்ப்பதே தணிக்கையின் முதற்கவலை. ஓர் ஊழியருக்குரிய ஆண்டு ஊதிய உயர்வு விடுபட்டிருக்கிறதா என்று தேடிவந்து சொல்வோர் அரிது. ஏழாவது ஊதியக் குழுவின் மத்திய அரசு அட்டவணையில் முதல் நிலை 18,000 ரூபாயில் தொடங்குகிறது. அடுத்த படி 18,500, அதற்கடுத்தது 19,100. முதலாண்டின் உயர்வு விடுபட்டால் இழப்பு மாதம் 500 ரூபாய். மறு ஆண்டு அவர் 18,500இல் இருப்பார். இருக்க வேண்டிய இடமோ 19,100. இழப்பு 600 ஆகிவிட்டது. ஒருவரும் புதிதாகத் தவறு செய்யாமலேயே காலப்போக்கில் இடைவெளி விரிகிறது. அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் அடிப்படை ஊதியத்தின் விழுக்காடாகவே கணக்கிடப்படுவதால் அவையும் சேர்ந்து குறையும். பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவருக்கு அந்தப் பள்ளம் ஓய்வூதியம்வரை தொடரும்.

இதைக் கண்டுபிடித்து வழக்காடினால் எவ்வளவு கிடைக்கும்? தவறான ஊதிய நிர்ணயம் ஒவ்வொரு மாதமும் புதிதாக நிகழும் தொடர் அநீதி என்று எம்.ஆர்.குப்தா வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. எனவே காலம் கடந்துவிட்டதென்று கதவை முற்றாக அடைக்க முடியாது. ஆனால் 2008இல் தர்செம் சிங் வழக்கில், இத்தகைய கோரிக்கைகளில் நிலுவைத் தொகை பொதுவாக வழக்குத் தொடுத்ததற்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே என்று வரையறுத்தது. இருபது ஆண்டு இழந்தவர் மூன்று ஆண்டுக்குரியதைப் பெறுவார். பதினேழு ஆண்டுப் பணம் அரசிடமே தங்கிவிடும். அதை 'மிகைப்பிடித்தம்' என்று எந்தத் தணிக்கை அறிக்கையும் அழைக்காது.

பாதுகாப்பாக உள்ள தீர்ப்பிலும் ஓட்டை விழுந்திருக்கிறது. 2016இல் ஜக்தேவ் சிங் வழக்கில், மிகையாகப் பெற்றால் திருப்பித் தருவேன் என்று உறுதிமொழி எழுதிக்கொடுத்த ஒரு நீதித்துறை அலுவலரிடம் பிடித்தம் செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அவர் சட்டம் அறிந்தவர். தாம் கையெழுத்திடுவது என்னவென்று தெரிந்தவர். ஆனால் அதே உறுதிமொழி, ஊதியத் திருத்தத்தின்போது மத்திய அரசு ஊழியர் அனைவரும் நிரப்பும் விருப்பப் படிவத்திலும் அச்சிடப்பட்டிருக்கிறது. கையெழுத்திடாவிட்டால் புதிய ஊதியம் இல்லை என்னும் நிலையில் தூய்மைப் பணியாளர் இடும் கையெழுத்தையும் நீதித்துறை அலுவலரின் கையெழுத்தையும் ஒரே தராசில் வைப்பது நேர்மையா? ஜக்தேவ் சிங் தீர்ப்பு ஓய்வு பெற்ற அலுவலர் பற்றியது. நான்காம் நிலை ஊழியருக்கான விலக்கை அது நீக்கவில்லை. பிடித்த ஆணை பெற்றவர்கள் இந்த வேறுபாட்டைப் பதில் மனுவில் முதலிலேயே எழுத வேண்டும்.

இன்னொரு வழக்கையும் மாணவர்கள் படிக்கலாம். பகவான் சுக்லா என்ற ரயில்வே ஊழியரின் அடிப்படை ஊதியம் 1970 முதல் 190 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டிருந்தது. 1991இல் அது தவறு, 181 ரூபாய்தான் என்று முன்தேதியிட்டுக் குறைத்தார்கள். மாதம் 9 ரூபாய்! அவரை ஒரு சொல்லும் கேட்காமல் குறைத்தது இயற்கை நீதிக்கு முரணானது என்று 1994இல் உச்ச நீதிமன்றம் அவ்வாணையை நீக்கியது. விளக்கம் கேட்காத எந்தக் குறைப்பாணையும் இந்த ஒரு காரணத்தாலேயே நிற்காது.

ஆகவே முதல் வேலை, பதிவேட்டைப் பார்ப்பது. மத்திய அரசு விதிப்படி அலுவலகத் தலைவர் ஆண்டுதோறும் பணிப்பதிவேட்டை ஊழியரிடம் காட்டிக் கையொப்பம் பெற வேண்டும். இது நடப்பதைவிட நடந்ததாகக் கையொப்பம் வாங்குவதே எளிது என்பதை அலுவலகம் அறிந்தோர் அறிவர். காட்டவில்லையெனில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும். கல்லூரி மாணவர் ஒருவர் தம் தெருவிலுள்ள தூய்மைப் பணியாளர் ஒருவருக்கு அந்த மனுவை எழுதிக்கொடுத்து, வந்த நகலில் ஒவ்வோர் ஆண்டின் உயர்வும் ஏறியிருக்கிறதா என்று அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாலைப் பொழுது போதும்.

ஆனால் பதிவேடே இல்லாதவர்கள்? 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன் நாட்கணக்கில் அமர்ந்திருந்த தூய்மைப் பணியாளர்கள், தங்கள் மண்டலங்கள் தனியாரிடம் ஒப்படைக்கப்படுவதை எதிர்த்தார்கள். ஒப்பந்ததாரரின் கீழ் ஆண்டு ஊதிய உயர்வு என்ற உரிமைப்பத்தியே கிடையாது. விடுபட்டதென்று சுட்டிக்காட்டுவதற்கும் ஒன்றுமில்லை. ரஃபீக் மசீஹ் தீர்ப்பு 'நான்காம் நிலை ஊழியர்' என்று யாரைக் காத்ததோ, அந்த நிலையையே வெளி ஒப்பந்தம் ஒவ்வொன்றாகக் காலி செய்துவருகிறது.