முட்டைக்குள் என்ன வைப்பது?

எட்டிப் பார்த்தால் மட்டக்களப்பு வாவி தெரியும் தூரத்தில் இருக்கிறது நமது வீடு. வேலிக்கு அப்பால் ஒரு கிறிஸ்தவக் குடும்பம். தைப்பொங்கலுக்கு நாம் பொங்கல் கொடுத்தனுப்புவோம். நத்தாருக்கு அவர்கள் கேக் கொடுத்தனுப்புவார்கள். இந்தப் பண்டமாற்றில் இதுகாறும் நாமே இலாபமடைந்து வருகிறோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அவ்வீட்டு அம்மையார் தமது ஆலயத்தின் ஞாயிறு வகுப்புக்கு ஆசிரியை. ஒரு நாள் மாலை வேலியோரம் வந்து நின்று, "சேர், உங்களிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும்" என்றார்.

"கேளுங்கள் ரீச்சர்" என்றோம். யோசனை கேட்கப்படும்போது ஆசிரியத் தொழிலில் உள்ளோருக்கு உண்டாகும் பெருமிதம் வாசகர் அறிந்ததே.

"உயிர்த்த ஞாயிறன்று பிள்ளைகளுக்கு முட்டை ஒளித்து வைத்து விளையாட்டுக் காட்டுவோம். பிளாஸ்டிக் முட்டைக்குள்ளே டொபியும் சொக்கலேற்றும் போட்டு வைப்பதுதான் வழக்கம். இந்த முறை தாய்மார் எல்லோரும் இனிப்பு வேண்டாம் என்கிறார்கள். இனிப்பு இல்லாவிட்டால் முட்டைக்குள் வேறு என்னத்தை வைப்பது சேர்?"

பெருமிதம் அங்கேயே அடங்கிவிட்டது. நம்மிடம் விடை இல்லை. "இரண்டு நாள் தவணை தாருங்கள்" என்று கேட்டுக்கொண்டு உள்ளே போனோம். அந்த இரண்டு நாளிற் படித்ததையும் யோசித்ததையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இவ்வார நோக்கம். உயிர்த்த ஞாயிறு கொண்டாடாத இல்லங்களிலும் பிறந்தநாள் உண்டு, சித்திரைப் புத்தாண்டு உண்டு, பரிசுக்குக் கையேந்தும் குழந்தைகளும் உண்டு. ஆகவே இது எல்லோருக்கும் உரிய விஷயமே.

முதலில், தாய்மார் சொன்னது முற்றிலும் சரி. "விழப்போகிற பாற்பல்தானே" என்று நம்மிற் பலர் அசட்டையாக இருந்து விடுகிறோம். குழந்தைக்கு முளைக்கும் பாற்பற்கள் இருபது. அவற்றுட் சில பன்னிரண்டு வயது வரையும் வாயில் நின்று பணி செய்ய வேண்டியவை. பின்னால் வரும் நிலையான பற்களுக்கு இடம் பிடித்து வைத்திருப்பவையும் அவையே. ஒரு நாளைய உணவிலிருந்து பெறும் சக்தியில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கும் குறைவாகவே சேர்த்த சர்க்கரையிலிருந்து வரவேண்டும் என்றும், ஐந்து பங்குக்குக் குறைந்தால் இன்னும் நன்று என்றும் உலக சுகாதார நிறுவனம் 2015 ஆம் வருஷம் எடுத்துரைத்தது. இவை ஒருபுறமிருக்க, சித்திரை வெயிலில் மட்டக்களப்பு முற்றத்தில் ஒளித்து வைத்த சொக்கலேற்று எந்தக் கோலத்தில் வெளிவரும் என்பதைக் குழந்தையின் சட்டையைத் துவைத்த தாயிடம் கேட்டாற் போதும்.

இரண்டாவதாக, முட்டைக்குள் இனிப்பு என்பது பழைய வழக்கமும் அன்று. தவக்காலத்தில் இறைச்சியோடு முட்டையையும் விலக்கியிருந்த ஐரோப்பிய மக்கள், நோன்பு முடிந்த திருநாளில் சேர்ந்து கிடந்த முட்டைகளுக்குச் சாயமிட்டு ஒருவருக்கொருவர் கொடுத்தார்கள். அவை கோழி இட்ட முட்டைகளே. இங்கிலாந்தில் சொக்கலேற்று முட்டை செய்து விற்பனைக்கு வந்தது 1873 ஆம் வருஷத்தில்தான். உலகத்திலேயே பெயர்பெற்ற முட்டை 1885 ஆம் வருஷம் ருஷ்யச் சக்கரவர்த்தி மூன்றாம் அலெக்சாந்தர் தம் பட்டத்தரசிக்குக் கொடுப்பதற்காக ஃபபெர்ஜே என்னும் பொற்கொல்லர் செய்து கொடுத்தது. வெள்ளை முட்டையைத் திறந்தால் உள்ளே பொன்னாலான மஞ்சட் கரு. அதைத் திறந்தால் ஒரு பொற்கோழி. கோழிக்குள்ளும் ஓர் அதிசயம். இனிப்பு ஒரு துளியும் இல்லை.

பொன்னுக்கு நாம் போகும் இடம் இல்லை. ஆயினும் அந்தப் பொற்கொல்லர் அறிந்திருந்த இரகசியம் நமக்கும் உதவும். முட்டையின் சிறப்பு அதைத் திறந்த பிறகு தொடங்குகிறது. தமிழில் 'அண்டம்' என்ற சொல்லுக்கு முட்டை என்பதும் பொருள், உலகம் என்பதும் பொருள். வெளியே அசைவற்றுக் கிடப்பது. உள்ளே உயிர் காத்திருப்பது. டொபியோ வாய்க்குள் போனதும் கதை முடிந்துவிடுகிறது. ஆகவே முட்டைக்குள் வைக்கும் பொருள், அதைத் திறந்த பிறகு குழந்தையை ஏதாவது செய்யத் தூண்டுவதாக இருக்க வேண்டும் என்பதே நாம் கண்ட முடிவு.

இனி, எதை வைக்கலாகாது என்பதை முந்திச் சொல்லிவிட வேண்டும். ஏனெனில் இது உயிரோடு சம்பந்தப்பட்டது. இனிப்பை விலக்கிவிட்டோம் என்ற மகிழ்ச்சியிற் கச்சானையும் முந்திரிப் பருப்பையும் வைப்போர் உண்டு. முழுக் கடலை ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் மூச்சுக் குழாயை அடைத்துவிடக்கூடியது. மூன்று வயது நிரம்பாத குழந்தையிடம் ஒன்றேகால் அங்குல அகலமுள்ள குழாய்க்குள் அடங்கிவிடும் எந்தப் பொருளும் போகக்கூடாது. விளையாட்டுப் பொருள்களைச் சோதிப்போர் கையாளும் அளவு அது. பந்தாயின் ஒன்றேமுக்கால் அங்குலத்துக்கு மேற்பட்டிருக்க வேண்டும். ஊதாத பலூனும், சின்னஞ்சிறு காந்தமும், பொத்தான் போன்ற பட்டரி உள்ள பாட்டுப் பொம்மையும் வேண்டவே வேண்டாம். விழுங்கப்பட்ட அந்தப் பட்டரி இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக் குழாயைப் புண்ணாக்கிவிட வல்லது.

அழகுக்கு மயங்கிக் குன்றிமணியை வைப்பவர்களும் இருக்கிறார்கள். கறுப்புப் பொட்டு வைத்த அந்தச் சிவப்பு விதை கடித்து மெல்லப்பட்டால் உயிருக்கே ஆபத்து. ஆமணக்கு விதையும் அத்தகையதே.

சரி, எதை வைக்கலாம்?

முட்டையிலிருந்தே தொடங்குவோம். பிளாஸ்டிக் முட்டை ஒரு நாள் விளையாட்டுக்குப் பின் எங்கே போகும்? கடைசியில் வாவியில் மிதக்கும். உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்திய வாரம் குருத்தோலை ஞாயிறு அல்லவா? அதற்காக வெட்டும் ஓலையில் ஆசீர்வாதத்துக்குப் போகாமல் மிஞ்சுவதைக் கொண்டு ஓலைப்பந்து பின்னலாம். கையடக்கமான ஓலைப்பந்து, தானே ஒரு முட்டை. உள்ளே பொருள் வைக்க இடமும் உண்டு. பின்னத் தெரிந்த பாட்டிமார் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களை அழைத்துப் பக்கத்தில் அமர்ந்து கற்றுக்கொள்வதற்கு இதைவிட நல்ல சாட்டு வேறு கிடையாது.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு உள்ளே ஒன்றும் வேண்டியதில்லை. பெரிதாகப் பின்னிய ஓலைப்பந்தே போதும். அல்லது மருதமுனைக் கைத்தறித் துணியில் ஒரு வண்ணத் துண்டை மடித்து வைக்கலாம். முகத்தை மூடித் திறந்து விளையாடும் பருவத்துக்கு அதைவிடச் சிறந்த விளையாட்டுப் பொருள் எது?

மூன்றிலிருந்து ஐந்து வயது வரையுள்ளோருக்கு அதே துணியில் விரலுக்கு மாட்டும் பொம்மை தைத்து வைக்கலாம். பொத்தானும் மணியும் வைத்துத் தைக்காமல் கண்ணையும் வாயையும் நூலாலேயே தைத்துவிட வேண்டும். இன்னொன்றும் உண்டு. கல்லடிப் பாலத்தின் படமொன்றைப் பெரிதாக ஒரு மட்டையில் வரைந்து, எத்தனை பிள்ளைகளோ அத்தனை துண்டாக வெட்டி, ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரு துண்டை வைக்க வேண்டும். எந்தப் பிள்ளையிடமும் முழுப் படம் இராது. எல்லோரும் கூடி உட்கார்ந்தால்தான் பாலம் உருவாகும்.

ஐந்து வயதைத் தாண்டியவர்களுக்குக் கொக்கான் வெட்டுவதற்கு ஐந்து கற்கள். கடற்கரையிற் பொறுக்கிய, விளிம்பு கூரில்லாத சிப்பியும் சோழியும். புத்தாண்டுக் கைவிசேடம் போல ஒரு புதிய நாணயம். பயற்றை, பூசணி, வெண்டி விதைகளும் ஏற்றவை. ஆனால் வீட்டிற் காயவைத்தெடுத்த விதையாக இருக்கட்டும். கடைப் பொதியிலுள்ள விதைக்குப் பெரும்பாலும் பூஞ்சண மருந்து பூசியிருப்பார்கள்.

காசு செலவில்லாத பொருளும் ஒன்றுண்டு. ஒரு காகிதத் துண்டில், "இன்றிரவு அப்பா கதை சொல்லுவார்" என்று எழுதி வைக்கலாம். "நாளை இரவு மீன்பாடுவதைக் கேட்கத் தோணியிற் போவோம்" என்றும் எழுதலாம். பங்குனி உத்தரம் போலவே இத்திருநாளும் சந்திரனைப் பார்த்தே கணிக்கப்படுவது. மார்ச் 21 ஆந் திகதியிலோ அதன் பின்னரோ வரும் முதற் பௌர்ணமியை அடுத்த ஞாயிறே உயிர்த்த ஞாயிறு. எனவே அந்நாட்களில் இரவில் சற்றுப் பிந்தியாவது வாவிக்கு மேல் நிலவு உண்டு. அமைதியான நிலாக் காலந்தானே மீன்பாட்டைக் கேட்க ஏற்ற காலம்? சொன்ன சொல்லைக் காப்பாற்ற முடியாத தந்தையர் மட்டும் இந்தக் காகிதத்தை எழுதாதிருப்பது நல்லது. டொபி தராததைக் குழந்தை மறந்துவிடும். பொய்த்துப்போன வாக்கை மறவாது.

இவ்வளவையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வேலியோரம் சென்றோம். அம்மையார் நின்றபடியே வாசித்தார். பாலத்துப் படத்தைப் பற்றிய இடம் வந்ததும் சிறிது நேரம் பேசாதிருந்தார்.

"சில வருஷங்களாக இந்த விளையாட்டை நாங்கள் நிறுத்தி வைத்திருந்தோம் சேர்" என்றார் பிறகு. "முட்டை ஒளிப்பதென்றால் பிள்ளைகளை முற்றத்துக்கு விட வேண்டுமே."

காரணத்தை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. 2019 ஆம் வருஷம் ஏப்ரல் 21 ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறு காலையில், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திற் குண்டு வெடித்தது. ஞாயிறு வகுப்பு முடிந்து வெளியே வந்து நின்ற பிள்ளைகளிற் பலர் அதில் மாண்டனர். சித்திரைப் புத்தாண்டு கழிந்து அப்பொழுது ஒரு வாரமே ஆகியிருந்தது. புத்தாடை மணம் மாறாத வீடுகளில் வெள்ளைக் கொடி கட்டினோம். இந்துக்களின் வீடென்றும் கிறிஸ்தவர்களின் வீடென்றும் அந்தக் கொடிகள் பார்க்கவில்லை.

ஒளித்து வைத்த பொருளைத் தேடக் குழந்தை ஓட வேண்டும். ஓடுவதற்கு அதன் காலடியிலுள்ள முற்றத்தின் மீது அதற்கு நம்பிக்கை வேண்டும். அதைவிட அதிகமாக, வாசலில் நிற்கும் தாய்க்கு நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கையை எந்தக் கடையிலும் வாங்கி முட்டைக்குள் வைக்க முடியாது. ஊரார் பலர் கூடிச் சிறிது சிறிதாகத்தான் அதைச் செய்ய வேண்டும். இனிப்பைப் பற்றிக் கேட்கப்பட்ட கேள்வி எவ்வளவு தூரம் செல்கிறதென்பது அப்பொழுதுதான் நமக்கு விளங்கியது. நமது வளவுத் தென்னையில் இரண்டு குருத்தோலைகளை வெட்டிக் கொடுத்தனுப்பினோம். நம்மால் இயன்றது அவ்வளவே.

அந்த ஞாயிறன்று அவர்களுடைய முற்றத்திலிருந்து கேட்ட கூச்சலில் நம்மாற் பத்திரிகை வாசிக்க முடியவில்லை. முடியாததில் நமக்குக் குறையும் இல்லை. மாலையில் அவ்வீட்டுப் பேரன் வேலிக்குள்ளால் கையை நீட்டி, தனக்குக் கிடைத்த பயற்றை விதை மூன்றைக் காட்டினான்.

"மாமா, இது எப்போது காய்க்கும்?"

"தினமும் தண்ணீர் ஊற்றினால் இரண்டு மாதத்தில் காய்க்கும்" என்றோம்.

"அவ்வளவு நாளா!" என்று முகம் சுளித்தான். ஆயினும் அன்றே வேலியோரத்தில் ஊன்றிவிட்டான். நாலாம் நாள் முளை கண்டது. அதைப் பார்க்க அவன் காலையும் மாலையும் முற்றத்துக்கு ஓடிவந்தான். அவனுடைய தாய் வாசலில் நின்று அழைக்கவில்லை.

கொடி இப்போது வேலியில் ஏறி நமது பக்கமும் தொங்குகிறது. சென்ற கிழமை ஒரு பிடி பயற்றங்காய் வந்து சேர்ந்தது. பண்டமாற்றில் இம்முறையும் நாமே இலாபமடைந்தோம்.