பெற்றவளிடம் யார் கேட்டார்கள்?



"காசுக்குப் பிள்ளையை வித்தவள்." பீலிக்கரையில் தண்ணீர்க் குடத்தோடு நின்று இப்படிச் சொல்வது சுலபம். என் பெரியம்மா இதைக் கேட்டுக்கொண்டேதான் ஓய்வு பெறும்வரை கொழுந்து எடுத்தார். எண்பதுகளில் ஓர் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றார். புருஷன் விட்டுப் போயிருந்தான், சம்பளத் துண்டில் கடன்தான் மிச்சம். ஒரு பெண் வந்து, பிள்ளை வெளிநாட்டில் படிக்கும், வருடா வருடம் போட்டோ வரும் என்றாள். வாசிக்கத் தெரியாத காகிதத்தில் கைநாட்டு வாங்கினார்கள். போட்டோ ஒன்றுகூட வரவில்லை.

விற்றவர்கள் வேறு ஆட்கள். எழுபதுகளிலிருந்து தொண்ணூறுகள் வரை இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குத் தத்துப்போன பிள்ளைகள் 11,000 பேர் வரை என்று மதிப்பிடுகிறார்கள். தரகர்கள் இருந்தார்கள். பெற்றவளுக்குப் பதிலாக வேறொரு பெண்ணைத் தாயாக நடிக்கவைத்துப் பிள்ளையைக் கைமாற்றினார்கள். பிறப்புப் பத்திரத்தில் பொய்ப் பெயர். பிரஜாவுரிமையும் அடையாள அட்டையும் இல்லாமல் வைக்கப்பட்டிருந்த நம் சனம் எந்தக் கச்சேரியில் போய் முறையிட்டிருக்கும்?

2017இல் நெதர்லாந்து தொலைக்காட்சி இதை அம்பலப்படுத்தியபோது, அன்றைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன நடந்ததை ஒப்புக்கொண்டு டிஎன்ஏ வங்கி அமைப்பதாகச் சொன்னார். 2020 டிசம்பரில் சுவிஸ் அரசு வருத்தம் தெரிவித்தது. 2021 பெப்ரவரியில் நெதர்லாந்து அரசு மன்னிப்புக் கேட்டது. சுவிஸில் தத்துப்போன பிள்ளைகளே சேர்ந்து 'பெக் டு த ரூட்ஸ்' என்று ஓர் அமைப்பு நடத்துகிறார்கள். தேடவும், பேசவும், மனம் உடைந்தால் தாங்கவும் அவர்களுக்கு ஓர் இடம் இருக்கிறது. நல்லது, அந்தப் பிள்ளைகளும் நம் பிள்ளைகள்தானே. ஆனால் பெற்றவளுக்கு என்ன இருக்கிறது? டிஎன்ஏ எடுக்க எங்கள் லயத்துப் பக்கம் ஓர் ஆள் வந்து நான் கண்டதில்லை.

"பழசைக் கிளறி என்ன லாபம், பேத்திக்கு வரன் பார்க்கிற நேரம்" என்று நம் தலைவர்மாரிலும் சிலர் சொல்கிறார்கள். பெரியம்மாவுக்கு அது பழசாகவே இல்லை. அந்தப் பிள்ளை பிறந்த நாளில் ஒவ்வொரு வருடமும் அவர் பேர் போட மாட்டார். ஏன் என்று கங்காணி கேட்டால் காய்ச்சல் என்பார்.

77 கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டு இறங்கிய குடும்பம் எங்களுடையது. இப்போது நான் ஈச்சிலம்பற்றில் இருக்கிறேன். (சந்தா மட்டும் இன்னும் இந்தச் சங்கத்துக்குத்தான்.) 2004 டிசம்பரில் கடல் இந்தக் கரைக்கும் வந்தது. தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளைத் தத்துக் கொடுப்பதை அரசு உடனே நிறுத்தியது, 2005இல் தனிச் சட்டமும் போட்டது. நல்ல வேலை. அரசு நினைத்தால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. கடல் பிரித்த பிள்ளைக்குச் சட்டம் ஓடி வந்தது. கைநாட்டு வாங்கிப் பிரித்த பிள்ளையின் தாய்க்கு ஏன் நடந்துகூட வரவில்லை?

ஆகவே சங்கம் இதைக் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். சம்பளத்துக்குக் கீழே ஒட்டுகிற துண்டாக அல்ல. நன்னடத்தை சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்திலும் நீதிமன்றத்திலும் உள்ள தத்துக் கோவைகளைப் பெற்ற தாய் கேட்டால், தமிழில் வாசித்துக் காட்டிப் பிரதி தர வேண்டும். டிஎன்ஏ பரிசோதனைச் செலவு அரசுடையது. உளவள ஆலோசனைக்கு ஒருவர் தோட்டத்துக்கே வர வேண்டும், தமிழ் தெரிந்தவராக, முடிந்தால் பெண்ணாக. அந்தப் பேச்சு துரையின் காதுக்கோ பக்கத்துக் காம்பராவுக்கோ போகக் கூடாது. பஸ் ஏறிப் போய், மொழிபெயர்க்க மகனைக் கூட்டிக்கொண்டு, அந்த மகனுக்கே தெரியாத கதையை எந்தத் தாய் சொல்வாள்?

"உங்கள் பிள்ளையைக் கண்டுபிடித்துத் தருகிறேன்" என்று முன்பணம் கேட்டு யாராவது வந்தால் ஒரு சதமும் கொடுக்காதீர்கள், எந்தக் காகிதத்திலும் கையெழுத்து வைக்காதீர்கள். மாதர் சங்கத் தலைவியிடம் சொல்லுங்கள். தலைவிமாரே, அந்த அம்மா வாய் திறக்கும்போது "ஏன் கொடுத்தாய்" என்று ஆரம்பிக்காதீர்கள். பிள்ளை பிறந்த தேதியையும் ஆஸ்பத்திரியின் பெயரையும் முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.